வாங்கியது சரியா? – மெக்னீசியம் ரிப்பன்

சென்ற ஆனியில் புனலூரில் வாங்கிய 25 கிராம் மெக்னீசியம் ரிப்பன் கறுத்துவிட்டது. பற்றவே இல்லை. போலியா? – ஆசிரியை, செங்கோட்டை

போலி இல்லை அம்மா. மெக்னீசியம் சும்மா கிடந்தாலே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும். ஆரியங்காவு வழியாகச் சாரல் இறங்கும் உங்கள் ஊரில் ஈரமும் கரியமில வாயுவும் சேர, அந்தத் தோல் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் தடிக்கும். அது எரியாது, உள்ளே ஆக்சிஜனையும் விடாது. நைஸ் உப்புத்தாளால் இருபுறமும் வெள்ளியாக மின்னும்வரை தேயுங்கள். தேய்த்த தூளைத் துடைத்து அப்புறப்படுத்திவிட்டு, 3 செ.மீ. துண்டை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் நுனியைக் காட்டுங்கள். பிள்ளைகள் சுடரை நேராகப் பார்க்கக் கூடாது. அதில் புற ஊதாக் கதிரும் உண்டு.

என் கோபம் கடைக்காரர்கள் மேல்தான். சுருளைத் திறந்தே தொங்கவிட்டு, கேட்டவருக்கு வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். பொதி கட்டிய மாதம் எதிலும் இருப்பதில்லை. அப்படி ஒரு பொட்டலத்தில் நானும் பணத்தை விட்டிருக்கிறேன். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை, மேலே தேதி. இந்த மூன்றும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

பாறசாலையில் வாங்கிய ரிப்பன் பளபளக்கிறது, ஆனால் எரியாமல் உருகித் தொங்குகிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார். – களியக்காவிளை

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அது அலுமினியமாக இருக்கும். ஒரு துண்டை வினிகரில் போடுங்கள்: மெக்னீசியமானால் உடனே நுரைத்துக் குமிழி விடும், அலுமினியம் சும்மா கிடக்கும். ரசீதை வைத்துக்கொண்டு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். கடை கேரளத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

எரித்தால் எடை கூடும் என்கிறார்கள். 10 செ.மீ. எரித்தேன், என் சமையல் தராசு அசையவில்லை. தராசு பழுதா? – கம்பம்

ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத தராசு என்று அதிலேயே எழுதியிருக்குமே, வாங்கும்போது படிக்க வேண்டாமா? 24 கிராம் மெக்னீசியம் 16 கிராம் ஆக்சிஜனைப் பிடித்து 40 கிராம் ஆகும். உங்கள் துண்டு ஏறக்குறைய 0.1 கிராம், எரிந்தபின் 0.17 கூட வராது. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும், மூடியுள்ள பீங்கான் குரூசிபிளும் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) வேண்டும். மூடியை அவ்வப்போது லேசாகத் தூக்கிக் காற்று விடுங்கள். திறந்தே எரித்தால் வெள்ளைப் புகையாகப் பறப்பதும் நீங்கள் நிறுக்க வேண்டிய ஆக்சைடுதான்.

எரியும் ரிப்பனை அணைக்கத் தண்ணீரா, கரியமில வாயு சிலிண்டரா, எதை வாங்கி வைப்பது? – கூடலூர்

இரண்டிலும் அது இன்னும் எரியும். ஒரு வாளி காய்ந்த மணல்.