41 டிகிரி அடித்தும் எச்சரிக்கை இல்லை: தறி ஓட்டலாமா?

கேள்வி: அம்மாபேட்டையில் தகரக் கூரை போட்ட விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறேன். வெயில் 41 டிகிரி அடித்தும் வெப்ப அலை எச்சரிக்கை வரவில்லை. ‘ரிஸ்க் ரிப்போர்ட்’ வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? - வாசகர், சேலம்

பதில்: கொடுக்காதீர்கள். வானிலைத் துறை இலவசமாகத் தரும் தகவலுக்கு வண்ணப்படம் ஒட்டி, சீல் குத்தி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். கூடத்துக்குள் வந்து அளக்காதவருக்கு உங்கள் ஆபத்து தெரியாது.

எச்சரிக்கை ஏன் வரவில்லை? சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால் மட்டும் போதாது, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூட வேண்டும். சேலத்தில் மே மாத வழக்கமே 37-ஐ ஒட்டித்தான். அதனால் 41 கணக்கில் சேராது. அதுவும் இரண்டு வானிலை நிலையங்களில் இரண்டு நாள் தொடர வேண்டுமாம்! தகரத்தடியில் நிற்பவர் உடம்பு அதுவரை காத்திருக்காது. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். இறந்தால் 4 லட்சம் உண்டு. உயிரோடு இருக்கும்போது கூடத்தை அளக்க யார் வருகிறார்கள்?

நீங்களே அளக்கலாம். ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒன்றின் குமிழில் பருத்தித் திரி சுற்றி, அதன் நுனியைத் தண்ணீரில் விடுங்கள். பிற்பகல் 2 மணிக்குத் தறிக்காரர் நிற்கும் இடத்தில், நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டு, பத்து நிமிடம் விசிறியபின் பாருங்கள். ஈர அளவை 0.7-ஆலும் உலர் அளவை 0.3-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 28-க்குள் என்றால் ஓட்டலாம். 30 என்றால் அரை மணி வேலை, அரை மணி ஓய்வு. 31.5-ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். தகரத்தின் அனல் இதில் முழுதாகச் சேராது. விடை எல்லையை ஒட்டி வந்தாலே அடுத்த படி என்று எடுங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். நூல் அறாமலிருக்க ஜன்னலைச் சாத்தித் தண்ணீர் தெளிப்பீர்கள். உலர் அளவு 40-லிருந்து 36-க்கு இறங்கும். குளுமை என்று தோன்றும். ஆனால் அடைத்த கூடத்தில் ஈர அளவு 25-லிருந்து 30-க்கு ஏறியிருந்தால் விடை 29.5-லிருந்து 31.8 ஆகிவிடும். வியர்வை காயாது, உடம்பு ஆறாது. தெளிப்பதானால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். உலர் அளவு 40-க்கு மேல் போனால் ஃபேனை மட்டும் நம்பாதீர்கள். அது அனலைத்தான் மேலே வீசும்.

கால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான். யாராவது பிதற்றினாலோ மயங்கினாலோ 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.