அமுக்கரா வேரில் பூஞ்சணம்: கொதிக்கவைத்துப் பானமாக்கலாமா?

கேள்வி: அரை ஏக்கரில் அமுக்கராவும் (அஸ்வகந்தா) வரப்போரத்தில் துளசியும் வளர்த்துள்ளேன். வீட்டில் பானம் தயாரிக்க எடுத்துவைத்த அமுக்கரா வேரில் சென்ற முறை பூஞ்சணம் படிந்துவிட்டது. கழுவிக் கொதிக்கவைத்தால் பயன்படுத்தலாமா? அமுக்கரா இலை, பழம், துளசி எல்லாவற்றையும் சேர்த்துக் காய்ச்சலாமா?

பதில்: பூஞ்சணம் படிந்த வேரைத் தயவுசெய்து பானத்துக்கு எடுக்காதீர்கள். சில வகைப் பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு, கொதிநீரின் வெப்பத்தில் அழிவதில்லை. கழுவினால் மேலே தெரியும் படலம் போகுமே தவிர, உள்ளே ஊடுருவியது போகாது. அந்த வேர் முழுவதையும் அப்புறப்படுத்திவிடுவதே சரி.

உங்களுக்கு நேர்ந்த குறை பெரும்பாலும் உலர்த்தலில்தான் இருக்கும். விதைத்து 150 முதல் 180 நாட்களில் இலைகள் மஞ்சளாகி உலரத் தொடங்கி, பழங்கள் செந்நிறமாகும்போது செடியை வேரோடு பிடுங்கி, மண் போக உடனே அலசி, நீரில் ஊறவிடாமல் எடுத்து, 7 முதல் 10 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். பருத்த வேர்களை நெடுக்குவாட்டில் பிளந்துவிட வேண்டும். வெளிப்புறம் காய்ந்தும் நடுப்பகுதி ஈரமாக இருப்பது இவற்றில்தான். காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பித் தினமும் புரட்டிவிடுங்கள். வளைத்தால் மடங்காமல் சட்டென்று முறிந்து, உள்ளே வெண்மையாகத் தெரியும் வேரை மட்டும் காற்றுப் புகாத கலனில் இடலாம். சாக்கடை நீரோ ஆலைக் கழிவுநீரோ பாய்ந்த நிலத்து வேர் கன உலோகங்களை ஈர்த்திருக்கக்கூடும் என்பதால், அதை எவ்வளவு நன்றாக உலர்த்தினாலும் குடிப்பதற்கு ஏற்றதாகக் கொள்ள வேண்டாம்.

இலையையும் பழத்தையும் சேர்க்க வேண்டாம். உள்ளுக்குக் குடிக்கும் பானத்துக்கு வேர் மட்டுமே உரியது. இலையில் செல்களைப் பாதிக்கும் விதாஃபெரின் ஏ என்ற வேதிப்பொருள் மிகுதியாக உள்ளது.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் வேர்த்தூள் தொடக்கத்துக்குப் போதும். அதை 200 மில்லி நீரில் இட்டு, சிறு தீயில் பாதியாக வற்றவிட்டு, 100 மில்லி பால் சேர்த்து மேலும் சில நிமிடங்கள் சூடாக்கி வடிகட்டுங்கள். வேரிலுள்ள விதனோலைடுகள் என்ற வேதிப்பொருள்கள் நீரில் எளிதில் கரைவதில்லை என்பதால், கொழுப்புள்ள பால் துணை செய்கிறது. துளசியை இதனோடு காய்ச்சக் கூடாது. அதன் மணத்துக்குக் காரணமான யூஜினால் ஆவியாகிப் போய்விடும். பூக்கும் பருவத்தில் பறித்த இலையைத் தனிப் பாத்திரத்தில் இட்டு, கொதித்த நீரை ஊற்றி, மூடி, 5 நிமிடம் கழித்து வடித்தால் மணம் தங்கும். பூச்சிமருந்து தெளித்திருந்தால் அதன் காத்திருப்புக் காலம் (தெளித்தபின் பறிக்காமல் விட வேண்டிய நாட்கள்) முடிந்த பிறகே இலையைப் பறியுங்கள்.

அமுக்கராவையும் துளசியையும் அடாப்டோஜன் என்று அழைப்பதுண்டு. அந்தப் பெயரை 1947இல் சோவியத் அறிஞர் லாசரெவ் வழங்கினார். அழுத்தத்தை உடல் தாங்க உதவுபவை என்பது அதன் பொருள். அந்தப் பெயரைக் கேட்டு, வீட்டிலுள்ள அனைவருக்கும் கொடுக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதே என் கவலை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமுக்கரா ஆகாது. தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பருக வேண்டாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள்.