ஸ்மார்ட் போர்டு, ஆன்லைன் வகுப்பறை எல்லாம் வந்தால் கல்லூரிப் பாடம் உண்மையிலேயே மேம்படுமா? எல்லா மாணவரையும் சேர்த்துக்கொண்டு போவது எப்படி?

ஏதோ ஒரு புத்தாக்கப் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு வந்த கையோடு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘அனைவரையும் உள்ளடக்கிய கற்பித்தல்’ என்று ஒருவர் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அவர் போட்ட ஸ்லைடு பின்வரிசைக்குத் தெரிந்திருக்காது. நானும் போயிருக்கிறேன், சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

நான் டெல்டாவில் ஒரு அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் வரலாறு நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவத்தைப் பற்றிக் கீழே வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து முழுப் பார்வையிழந்த மாணவர் ஒருவர் முதலாமாண்டில் சேர்ந்தார். பாசன வரலாறு பாடம். துறையில் இருந்த ஒரே புரொஜெக்டரைச் சண்டை போட்டு வாங்கி வந்து, சுவரில் பெரிய வரைபடம் போட்டு, ‘இதோ இங்கே காவிரி பிரிகிறது, இது கல்லணை, இப்படிப் போகிறது பாருங்கள்’ என்று நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து அவர் குரல்: ‘எங்க மேடம்?’ கிண்டலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பரிகாரமாக அன்றிரவே என் பல வருட நோட்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் அவர் போனைச் சத்தமாக வைத்து வாசிக்கவிட்டார். ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்றது. நான் அடித்திருந்தது பாமினி எழுத்துருவில். அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அதைக் கண்ணுக்கு மட்டும் தமிழாக வரைந்து காட்டுகிறது. காதுக்குக் காட்டாது. ‘மேடம், இங்கிலீஷ் மீடியம் நோட்ஸை அனுப்பிட்டீங்களா?’ என்றார். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், வேறு என்ன செய்ய? தமிழைத் தமிழ் எழுத்தாகவே கோப்பில் வைக்கும் யூனிகோடுக்கு மாறச் சொல்லித் தமிழ்நாடு அரசு 2010-லேயே சொல்லிவிட்டது. மாறாமல் இருந்தது நான்.

சரி, மாற்ற உட்கார்ந்தேன். பாமினியை யூனிகோடாக்க இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு, ஆனால் கொம்பும் காலும் அங்கங்கே தவறும். ஒவ்வொரு பக்கமாகத் திருத்த வேண்டும். பழைய ஜெராக்ஸ் பக்கங்களை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகவே வந்துவிடும், பிழைகளோடு. அவருடைய பழைய லேப்டாப்பில் சீனியர் ஒருவர் என்விடிஏ போட்டுக் கொடுத்தார். திரையில் இருப்பதை வாசிக்கும் இலவச மென்பொருள்; பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006-ல் தொடங்கியது. இந்த மொத்தத்துக்கும் கல்லூரி ஒரு பைசா செலவழிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ எந்த அறிக்கையிலும் இது வரவில்லை.

வரைபடத்துக்கு மென்பொருள் எதுவும் உதவவில்லை. அட்டையில் ஃபெவிகாலைத் தடவி, கொள்ளிடத்துக்குத் தடித்த சணல் கயிறு, காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் அதைவிட மெல்லிசு, கல்லணைக் கால்வாய்க்கு வாழைநார், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் சட்டைப் பொத்தான் என்று ஒட்டிக் கொடுத்தேன். அவர் விரலால் தடவிக்கொண்டே வந்து முக்கொம்பில் நின்றார். ‘கொள்ளிடம்தான் பெருசுன்னா தண்ணியெல்லாம் அதுலயே ஓடிடாதா?’ அதுதான் பாடமே. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. வெள்ளம் அந்தப் பக்கம் போகப் போக, காவிரி மணல் மேடிட்டது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-ல் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார். 2018 ஆகஸ்டில் மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, அதே இடம். புரொஜெக்டரில் பார்த்த 50 பேரில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிறகு எல்லோரும் அட்டையைத் தடவ வந்துவிட்டார்கள். ஒரத்தநாட்டுப் பெண் ஒருத்தி வாழைநாரைப் பிடித்துக்கொண்டு ‘எங்க புது ஆறு இதானா?’ என்றாள். கல்லணைக் கால்வாயை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அதிலிருந்து ‘இங்கே’, ‘இது’, ‘இப்படி’ எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெயர் சொல்லி நடத்தப் பழகினேன். ஒரு மாதம் நாக்கு மடங்கவில்லை. அவருக்காக ஏழெட்டு நிமிட ஆடியோவாகப் பேசி அனுப்பியதைச் சம்பா நடவுக்குப் போன பிள்ளைகளும், கேட்டரிங் வேலைக்குப் போகிற பையன்களும் பஸ்ஸில் கேட்டார்கள். 2021-ல் அரசு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது. அப்போது நான் போட்ட வீடியோக்களை, அது நின்றபின் ஒருவரும் திறக்கவில்லை. ஆடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

‘ஒருத்தருக்காக மொத்த வகுப்பையும் மாற்றணுமா?’ என்று யாராவது நிச்சயம் கேட்பீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் அவர்களுடையது. விருந்தாளியாக வரவில்லை. நான் உத்தமி என்றும் சொல்லவில்லை: 3 மணி நேரத் தேர்வுக்கு அவருக்கு 1 மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டும் என்பதே தெரியாமல் முதல் இரண்டு உள்தேர்வுகளை நடத்தி முடித்துவிட்டேன். ஸ்மார்ட் போர்டுக்கும் நான் எதிரி இல்லை. எங்கள் கல்லூரியில் ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டுக் குழு வந்த அன்று துணியை எடுத்தார்கள், போனதும் மூடிவிட்டார்கள்.

அந்தப் போர்டுக்குக் காசு இருந்தது. கௌரவ விரிவுரையாளர்களான எங்களுக்கு வருடத்தில் 11 மாதம்தான் சம்பளம், மே மாதம் கிடையாது. மே மாதம் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-ல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்றது. அந்தத் தொகையை நான் சுற்றறிக்கையில்தான் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன நோட்ஸ் 140 பக்கத்தையும் யூனிகோடில் திருத்தி முடித்ததும் அப்படி ஒரு மே மாதத்தில்தான். சரி, கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள்.

அவர் இப்போது பி.எட். படிக்கிறார். என் நோட்ஸை ஜூனியர்களுக்கு அனுப்புவதும் அவர்தான். போன வாரம் கூப்பிட்டார்: ‘மேடம், மூணாவது யூனிட்ல ஒரு கால் விட்டுப்போச்சு. கெள்ளிடம்னு வாசிக்குது.’