பச்சைப் புள்ளியும் முயல் படமும் ஒன்றல்ல

லிப்ஸ்டிக் பெட்டியில் பச்சைப் புள்ளி இருந்தால் அதை விலங்குகளிடம் சோதிக்கவில்லை என்று அர்த்தமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்தப் புள்ளியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பொருளில் சேர்த்தவை சைவம் என்பதுதான் அதன் அர்த்தம். நீங்கள் கேட்பது எப்படிச் சோதித்தார்கள் என்பதை.

குழப்பம் பெரும்பாலும் 'வீகன்' என்ற சொல்லால் வருகிறது. விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் சேரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்; முயல் முத்திரையோ விலங்குகளிடம் சோதிக்கவில்லை என்பதைச் சொல்வது. முயல் முத்திரை உள்ள சிவப்பு லிப்ஸ்டிக்கில்கூட கார்மைன் இருக்கலாம். பூச்சிகளைக் காயவைத்து அரைத்து எடுக்கும் சாயம் அது. பின்பக்கம் சிறிய எழுத்தில் 'சி.ஐ. 75470' என்று இருந்தால் அதுதான்.

முயல் படத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். என்னிடம் இருந்த ஒரு கண்மையில் அழகான முயல் இருந்தது, சான்று தந்த அமைப்பின் பெயரே இல்லை. விலங்குச் சோதனை இல்லை என்று சான்று தரும் லீப்பிங் பன்னி அமைப்பின் இணையதளத்தில் பிராண்டின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மூலப்பொருள் தருபவர்களையும் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. இந்தியா 2014இல் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பதையும், அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடை செய்துவிட்டது. ஆனால் அதே நிறுவனம் வேறு நாட்டுச் சந்தைக்காகச் சோதிக்கலாம். சீனா 2021இல், இறக்குமதியாகும் சாதாரண அழகுசாதனப் பொருட்களுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தியது. தலைச்சாயம், வெண்மையாக்கும் கிரீம் போன்றவற்றுக்கு அந்தத் தளர்வு இல்லை.

தலை மட்டும் வெளியே தெரியும்படி முயலைப் பெட்டியில் பூட்டி, கண்ணில் ரசாயனத்தை விட்டு நாள்கணக்கில் பார்ப்பதுதான் டிரேய்ஸ் சோதனை. ஒரு லிப்ஸ்டிக்குக்கு இவ்வளவு தேடுவது அதிகமில்லை.