பிறர் வீடியோ, நம் வகுப்பு: மிஸ்ஸிடம் கேட்டவை

இணையத்தில் பிறர் நடத்தும் பாடங்களை நம் வகுப்பில் எப்படிப் பாவிப்பது என்று விரிவுரையாளர்கள் கேட்டவை. கேட்பவர் பெயருக்குப் பதில் ஊர்; பெயர் போடாத பதில்கள் மிஸ்ஸுடையவை.

வெள்ளவத்தை: மிஸ், கோர்செரா என்ற இணையப் பாடத்தளத்தில் நல்ல பாடமொன்று இருக்கிறது. வீடியோக்களை இறக்கி, நம் மாணவர்கள் பாடம் பார்க்கும் மூடில் தளத்தில் ஏற்றலாமா?

ஏற்றக்கூடாது. சொந்தப் படிப்புக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டுதான் அங்கே கணக்குத் திறக்கிறோம். இலவசமாகப் பார்ப்பது வேறு, எடுத்துப் போடுவது வேறு. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடத்தளமான ஓபன்கோர்ஸ்வேரும் ஹார்வர்டின் கணினிப் பாடமான சிஎஸ்50யும் கிரியேட்டிவ் கொமன்ஸில், அதாவது பிறரும் நிபந்தனையோடு பாவிக்கலாம் என்ற லைசன்ஸில், இருக்கின்றன. பெயரைக் குறிப்பிட்டு, காசு பார்க்காமல், மாற்றியதையும் அதே லைசன்ஸில் விட்டால் வெட்டலாம், ஒட்டலாம், தமிழ் சப்டைட்டிலும் போடலாம். முதலில் லைசன்ஸைப் பாருங்கள்.

தெஹிவளை: எடெக்ஸும் அதே மாதிரி இணையப் பாடத்தளம்தானே, அதன் வீடியோ என்றால் ஏற்றலாமா?

மேலே பாருங்கள். லைசன்ஸ்.

கொட்டாஞ்சேனை: இரண்டு கிரெடிட் பாடத்துக்கு எவ்வளவு வீடியோ கொடுக்கலாம்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரப் படிப்பு. இரண்டுக்கு 100. விரிவுரை, அசைன்மென்ட், பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் ஏழு மணிகூட வராது. நம்மவர்களோ விரிவுரையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே இரண்டு மணி வீடியோவை ஏற்றிவிட்டு, பிள்ளைகள் பார்ப்பதில்லை என்று குறைப்படுவார்கள். நான் வீடியோ கொடுத்தால் அந்த அளவு விரிவுரையைக் குறைப்பேன். பன்னிரண்டு நிமிடத் துண்டு, நடுவே, வீடியோவுக்குள் கேள்வி வைக்கும் எச்ஃபைவ்பி என்ற கருவியில் ஒரு கேள்வி. உயர்தரம் தமிழில் படித்துவந்த பிள்ளைகளுக்குப் பேச்சின் எழுத்துவடிவத்தையும் அச்செடுத்துக் கொடுப்பேன். மின்சுற்றுக்கான கிர்க்கோஃப் விதியை வீட்டில் பார்த்துவிட்டு வந்தால், வகுப்பில் அதே சுற்றில் ஒரு தடையைக் கழற்றிவிட்டு, இப்போது மின்னோட்டம் என்ன என்று கேட்பேன். யார் பார்த்தார், யார் ஓடவிட்டுத் தூங்கினார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பம்பலப்பிட்டி: இணையப் பாடத்தை முடித்த சான்றிதழ் கொண்டுவந்தால் 30 புள்ளி கொடுத்துவிடலாமே?

மட்டக்குளி: விடையெல்லாம் வட்ஸ்அப்பில் சுற்றுது, அண்ணா!

பம்பலப்பிட்டி: உங்கள் அசைன்மென்ட் மட்டும் சுற்றவில்லையா?

இரண்டும் சுற்றுகிறது, சண்டை வேண்டாம். புள்ளி கொடுப்பதென்றால் வகுப்பில் உட்காரவைத்து நாமே சோதிக்க வேண்டும். சான்றிதழ் வேலைக்குப் போகும்போது உதவட்டும்.

மட்டக்குளி: அப்படியே விட்டால் நாளைக்கு விரிவுரையாளரே தேவையில்லை என்பார்கள், மிஸ்.

அந்தப் பயம் நியாயம்தான். அமெரிக்காவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் எடெக்ஸின் மின்சுற்றுப் பாடத்தை எடுத்தது. வீடியோ பார்ப்பது வீட்டில், கணக்குப் போடுவது வகுப்பில், சொந்த ஆசிரியர் பக்கத்தில். சித்தி வீதம் ஏறியது. 2013இல் அங்கேயே மெய்யியல் துறையினர் ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் சான்டல் நீதி பற்றி நடத்திய எடெக்ஸ் பாடத்தை எடுக்க மறுத்து, அவருக்கே திறந்த கடிதம் எழுதினார்கள். நீதி பற்றி ஒரே விரிவுரையை ஊரெல்லாம் ஓடவிட்டால் தங்கள் மாணவர்களோடு விவாதிக்க யார் இருப்பார் என்பது அவர்கள் கவலை. எனக்கு இரண்டு பக்கமும் சரியாகவே படுகிறது. கணக்கை வெளியாள் விளக்கலாம், வாதத்தை நாம்தான் நடத்த வேண்டும்.

பம்பலப்பிட்டி: அப்போ வரலாறு, தமிழ்த் துறைக்கு இது சரிவராதா?

வரும், துண்டாக எடுத்தால். பத்து நிமிடம் போட்டுவிட்டு, இவர் சொல்வதை மறுத்துப் பேசு என்று பிள்ளையிடம் விடுங்கள்.

தெஹிவளை: யூடியூப்பில் இருந்து இறக்கினால்?

லைசன்ஸ்! இறக்காமல் இணைப்பை மட்டும் கொடுங்கள்.

கல்கிசை: எங்களுடையது தனியார் கம்பஸ், கட்டணம் வாங்குகிறோம். எம்ஐடிப் பாடம் பாவிக்கலாமா?

வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை அதில் உண்டு. ஊகித்துக்கொண்டிராமல் எம்ஐடிக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை இணைப்பு மட்டும்.