ராம் போதவில்லை, எஸ்எஸ்டி இருக்கிறதே! - வாசகர் கேள்விகள்

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி மாற்றுவது பற்றிப் போன மாதம் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வர்ச்சுவல் மெமரி பற்றித்தான். வேலை நடக்கும்போது பயன்படும் ராம் போதாதபோது, டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தை ராம் போல விண்டோஸ் பயன்படுத்திக்கொள்வதுதான் அது. அந்த இடத்தில் இருக்கும் ஃபைலுக்குப் பேஜ் ஃபைல் என்று பெயர். கைக்கு வந்த வரிசையில் பதில் சொல்லிவிடுகிறேன். எதைச் செய்வதற்கு முன்னும் பேக்கப். பேக்கப் எடுக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டியில் பாதியை வர்ச்சுவல் மெமரிக்குக் கொடுத்துவிட்டால் ராம் வாங்கும் செலவு மிச்சம்தானே? - ஓமலூர் வாசகர்

மிச்சமாகாது. ராமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் எஸ்எஸ்டிக்குக் கால் மணி நேரம் ஆகும். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போய்த் திரும்புகிற நேரம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு நாள் தாண்டிவிடும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் ராத்தங்கி, மறுநாள் இறங்கி வரலாம். ஹார்ட் டிஸ்க்கோடு மாரடித்தவர்களுக்கு எஸ்எஸ்டி மின்னலாகத் தெரிவது அதனால்தான். ராமுக்குப் பக்கத்தில் அது வெறும் ஸ்டெப்னி. அளவை விண்டோஸிடமே விடுங்கள். 256 ஜிபியை ஒதுக்கினால் அவ்வளவு இடமும் சும்மா கிடக்கும்.

ஏற்காட்டில் சின்ன விடுதி நடத்துகிறோம். வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். 64 ஜிபி பென் டிரைவை வர்ச்சுவல் மெமரியாக்கலாமா?

வேண்டாம். பென் டிரைவ் இதற்கான சரக்கே இல்லை. பென் டிரைவை வேகத்துக்குத் துணையாக்கும் விண்டோஸ் விஸ்டா காலத்து ரெடிபூஸ்ட்டை யாராவது சொல்லியிருப்பார்கள், அதையும் மறந்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இணைப்பில் மாட்டக்கூடிய ஒரு சாட்டா எஸ்எஸ்டி, கூடவே இன்னொரு 4 ஜிபி ராம். கோடை விழாக் கூட்டம் வருவதற்குள் செய்துவிடுங்கள். யூபிஎஸ் இல்லையென்றால் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. வர்ச்சுவல் மெமரி எவ்வளவு வைக்கலாம்?

ஊர் இல்லை, ராம் எவ்வளவு என்று இல்லை, டிஸ்க் எது என்று இல்லை. டாக்டருக்குப் போன் போட்டு "வலிக்குது" என்று சொல்லிவிட்டு வைத்த மாதிரி இருக்கிறது. விவரத்தோடு எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு டிசைன் செய்கிறேன். 8 ஜிபி ராம். எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னதால் பேஜ் ஃபைலை நிறுத்திவிட்டேன். இப்போது பெரிய டிசைனைத் திறந்தால் மெமரி இல்லை என்று மென்பொருள் மூடிக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரிலோ 2 ஜிபி காலியாகத்தான் இருக்கிறது. எப்படி?

இந்த வீடியோக்காரர்களை என்ன செய்வது என்றே தெரியவில்லை. மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கோலத்தில் என் மேசைக்கு வருகிறார்கள்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய், கீழே 'கமிட்டெட்' என்ற எண்ணைப் பாருங்கள். உங்களுக்கு 7.6/7.8 என்கிற மாதிரி ஏதாவது காட்டும். முதல் எண், எல்லா மென்பொருளும் சேர்ந்து "எனக்கு வேண்டும்" என்று விண்டோஸிடம் சொல்லி வைத்தது. இரண்டாவது எண், விண்டோஸால் கொடுக்க முடிந்த உச்சம். ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம். கல்யாண மண்டபத்தில் கைக்குட்டை போட்டுப் பிடித்த நாற்காலி போலத்தான். ஆள் வந்து உட்காரவில்லை, ஆனாலும் அந்த நாற்காலியை அடுத்தவருக்குத் தர முடியாது. மென்பொருள்கள் தேவைக்கு மேலேயே இடம் பிடித்து வைக்கும். பேஜ் ஃபைல் இருந்தால் அந்த வெற்று வாக்குறுதியெல்லாம் அதன் கணக்கில் போய்விடும், எஸ்எஸ்டியில் எழுதக்கூடத் தேவைப்படாது. நீங்கள் அதை நிறுத்திவிட்டதால் ராமே முழுவதற்கும் ஜாமீன் நிற்கிறது. 2 ஜிபி காலியாக இருந்தும் "இல்லை" என்பது இதனால்தான்.

சரி, எழுத எழுத எஸ்எஸ்டி தேயும் என்கிற கணக்குக்கு வருவோம். சாதாரண 250 ஜிபி எஸ்எஸ்டிக்கே 100 டெராபைட்டை ஒட்டி எழுதலாம் என்று கம்பெனிகள் வாரண்டி தருகின்றன. தினம் 20 ஜிபி எழுதுங்கள், வருஷத்துக்கு 7 டெராபைட். 14 வருஷம் ஓடும். அதற்குள் அந்த மதர்போர்டு பழைய இரும்புக் கடையில் இருக்கும். நானும் யோக்கியன் இல்லை. முதல் எஸ்எஸ்டி வாங்கிய புதிதில் உங்களைப் போலவே பேஜ் ஃபைலை நிறுத்தி, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அடித்த பில் கணக்கைப் பறிகொடுத்தவன். அன்றைக்குப் பேக்கப்பும் இல்லை. அப்புறம் இன்னொன்று, பேஜ் ஃபைல் இல்லாவிட்டால், விண்டோஸ் செயலிழந்து நீலத் திரை வந்தாலும் எதனால் வந்தது என்ற பதிவு மிஞ்சாது. பழுது பார்ப்பவர் குருட்டாம்போக்கில்தான் தேட வேண்டும்.

அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு, அதற்குள் வர்ச்சுவல் மெமரி. மேலே இருக்கும் 'ஆட்டோமேட்டிக்' பெட்டியில் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகும் டிசைனைத் திருப்பும்போது தடுமாறினால் 16 ஜிபி ராமுக்குப் போக வேண்டியதுதான். எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாகவே விடுங்கள். அதை நிரப்பி வைப்பதுதான் பேஜ் ஃபைலைவிடப் பெரிய வினை.

அம்மாபேட்டையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறோம். எஸ்எஸ்டி ஒன்று, 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று. பேஜ் ஃபைலை எதில் வைப்பது?

எஸ்எஸ்டியில். போட்டோஷாப் தன் தற்காலிக ஃபைல்களை எழுதிக்கொள்ளும் ஸ்க்ராட்ச் டிஸ்க் வேறு, விண்டோஸின் பேஜ் ஃபைல் வேறு. பல பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆல்பத்தில் நிஜமாக இடம் தின்பது ஸ்க்ராட்ச். அதையும் எஸ்எஸ்டிக்கே மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்க் முடிந்த ஆல்பங்களைப் போட்டு வைக்கத்தான். அந்த ஆல்பங்களுக்கு இன்னொரு காப்பி இருக்கிறதா?

போனில் 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி என்கிறார்களே, உண்மையா? - அழகாபுரம் கல்லூரி மாணவி

இரண்டாவது எட்டு, போனின் சொந்த ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக் காட்டுவது. 16 ஜிபி ராம் என்று நினைத்துக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள்.

எஸ்டேட் ஆபீஸில் உபுண்டு. 4 ஜிபி ராம், எஸ்எஸ்டி. ஸ்வாப் வேண்டுமா?

வேண்டும். விண்டோஸில் பேஜ் ஃபைல் செய்யும் வேலையை லினக்ஸ் வகையான உபுண்டுவில் ஸ்வாப் செய்கிறது. 4 ஜிபி அளவில் ஒரு ஸ்வாப் ஃபைல் போதும். ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகத் தொடலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் 60-இல் இருக்கும், அப்படியே விடுங்கள்.

வர்ச்சுவல் மெமரிக்கென்றே ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்எஸ்டி 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் முக்கியமாக எதுவும் வைக்கப் போவதில்லை, வாங்கலாமா? - சூரமங்கலம் வாசகர்

வேலை நடக்கும்போது அந்த டிரைவ் செத்தால், பேஜ் ஃபைலோடு மொத்தக் கம்ப்யூட்டரும் நீலத் திரைக்குப் போகும். சேவ் செய்யாதது போச்சு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் டிரைவின் ஆரோக்கிய சதவீதத்தைக் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், அந்த 700 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் போட்டு ராம் வாங்குங்கள்.