வாசகர் கேள்வி – பதில்: மெழுகுச் சிலைகளில் என்ன பார்ப்பது?

கேள்வி: விடுமுறைக்கு வரும் உறவினர் பிள்ளைகள், கன்னியாகுமரியில் மெழுகுச் சிலைக்கூடத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார்கள். படகுக்கும் சிலைக்கூடத்துக்குமாகச் செலவு செய்யும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?
– வாசகர், தக்கலை

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், ஆனால், சிலையோடு நின்று படம் எடுப்பதோடு முடித்துவிடாதீர்கள். காலையில் கூட்டம் சேருமுன் படகேறி விவேகானந்தர் பாறையைப் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் சிலைக்கூடத்துக்குள் நுழைவதே வசதி.

இக்கலைக்கு உலகப் புகழ் தேடித்தந்தவர் 1761-இல் பிறந்த மேரி துசாத். மருத்துவர் கர்ட்டியஸிடம் மெழுகு வேலை கற்ற அவர், 1835-இல் லண்டன் பேக்கர் தெருவில் நிலையான காட்சிக்கூடம் அமைத்தார். அவர் பெயரால் இன்றும் நடக்கும் கூடங்களில், உயிரோடிருப்பவரை நேரில் அமர்த்தி, உடலெங்கும் அளவெடுத்து, முதலில் களிமண்ணில் உருவம் செய்கிறார்கள். மெழுகு ஆறும்போது சுருங்கும் என்பதால், அந்த உருவத்தைச் சற்றுப் பெரிதாகவே வைத்துக்கொள்கிறார்கள். தலைமுடியை ஊசியால் ஒவ்வோர் இழையாகச் செருகுவதற்கே பல வாரங்கள் பிடிக்கும்.

ஆகவே, பிள்ளைகளை முன்நெற்றியில் முடி தொடங்கும் இடத்தையும், கண்வெள்ளையில் ஓடும் செந்நரம்புகளையும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலை நன்றாக அமைந்ததா, அவசரத்தில் செய்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர், சிற்பியின் கற்பனையில் பிறந்தவர். மெழுகுச் சிலையிலோ பார்ப்பவருக்குத் தெரிந்த முகத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் உண்டு. இவ்விரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு நம் மாவட்டத்துக்கு இருப்பது எனக்குப் பெருமைதான். தொட மட்டும் விடாதீர்கள்; விரல் அழுத்தமும் வியர்வையும் மெழுகின் நிறப்பூச்சைக் கெடுக்கும்.